யோகா ஹாலுக்கு மண் சுவர் போதுமா?

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றுத் திருத்தப்பட்டுள்ளது.)

கொஞ்ச நாளா உங்ககிட்ட இருந்து ஒரே மாதிரி கேள்வி வந்துக்கிட்டே இருக்கு. "ஊர்ல கொஞ்சம் இடம் இருக்கு. மண், சுண்ணாம்பு, மரம் இதையெல்லாம் வெச்சு யோகாவுக்கும் தியானத்துக்கும் ஒரு சின்ன இடம் கட்டணும். செலவு எவ்ளோ ஆகும்? மழைக்கு நிக்குமா?" இதுக்குப் பொதுவா ஒரு பதில் சொல்றதை விட, நான் கட்டின ஒரு ஹாலோட கதையைச் சொல்றேன். நான் சரியா செஞ்சதும் அதுல இருக்கு, தப்பா செஞ்சதும் இருக்கு.

நான் ஒரு ஆர்க்கிடெக்ட். விழுப்புரம் மாவட்டத்துல வானூர் பக்கம் வேலை செய்யறேன். புதுச்சேரியில இருந்து ரொம்ப தூரமில்லை. நல்ல செம்மண் பூமி. 2022 கடைசியில ஒரு அம்மா என்னைத் தேடி வந்தாங்க. அரசுப் பள்ளியில உடற்கல்வி ஆசிரியரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. ஊர்ப் பெண்களுக்குத் தன் வீட்டு மொட்டை மாடியில யோகா சொல்லித் தர்றாங்க. டீச்சர்னுதான் ஊரே கூப்பிடும், நானும் அப்படியே கூப்பிடறேன். ஓய்வுப் பணத்துல இருந்து 15 லட்சம் ரூபாய் ஒதுக்கி வெச்சிருந்தாங்க. "இதுக்கு மேல எங்கிட்ட இல்லம்மா. இது போச்சுன்னா போனதுதான்"னு சொன்னாங்க. அந்த வாக்கியம் வேலை முடியற வரைக்கும் என் காதுலேயே இருந்துச்சு.

டோம் வேணும்னு வந்தாங்க

டீச்சர் கையில ஒரு போட்டோ இருந்துச்சு. இன்ஸ்டாகிராம்ல பார்த்த ஒரு பெரிய மண் டோம். 40 அடி விட்டம், 60 பேர் உட்காரலாம்னு ஆசை.

நான் முதல்ல கேட்டது மண்ணைப் பத்தி இல்லை. "டீச்சர், உங்க கிளாஸ் அட்டெண்டன்ஸ் நோட்டு இருக்கா?"ன்னு கேட்டேன். பள்ளிக்கூடத்துல வேலை பார்த்தவங்க, இல்லாம இருக்குமா? ரெண்டு வருஷ நோட்டை உட்கார்ந்து பார்த்தோம். சாதாரணமா 12-லிருந்து 15 பேர். அதிகபட்சம் ஒரு நாள் 19 பேர்.

ஒருத்தர் படுத்து, கையை ரெண்டு பக்கமும் நீட்டி, திரும்பறதுக்கு 7 அடிக்கு 4 அடி இடம் போதும். 28 சதுர அடி. 20 பேருக்கு 560. அதனால 30-க்கு 20, அதாவது 600 சதுர அடி ஹால் போதும்னு முடிவாச்சு. 40 அடி டோம்னா 1,250 சதுர அடிக்கு மேல. பாதிக்கும் குறைவா வந்துடுச்சு.

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, நம்ம ஆளுங்க "சஸ்டெயினபிள்"னு சொன்னதும் நேரா மெட்டீரியலுக்குப் போயிடறாங்க. கட்டாத 650 சதுர அடிக்கு சிமெண்ட் வேணாம், மண் வேணாம், மரம் வேணாம், பெருக்கித் துடைக்க ஆள் வேணாம். அதை விட இயற்கையான பொருள் எதுவும் எனக்குத் தெரியாது.

அடுத்தது டோம். மண்ணுல டோம், வளைவுக் கூரை எல்லாம் அருமையா கட்டறவங்க எங்க பக்கத்துலயே இருக்காங்க. ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் 1989-லிருந்து அந்த வேலையைச் செய்யுது, சொல்லியும் தருது. அதனால முடியாதுன்னு நான் சொல்லலை. ஆனா டீச்சரோட இடத்துக்கு ரெண்டு சிக்கல். ஒண்ணு, டோமுக்கு தாழ்வாரம் கிடையாது. முழுக் கட்டடமும் கூரைதான், எல்லா மழையும் அது மேலதான் விழும். எங்க ஊர் வடகிழக்குப் பருவமழைக்கு அதை நனையாம வைக்கணும்னா மேல ஒரு நல்ல வாட்டர் ப்ரூஃப் பூச்சு வேணும், அதை அடிக்கடி கவனிக்கணும். ரெண்டாவது, குரல். வளைவான கூரை சத்தத்தைத் திருப்பி ஒரே இடத்துல குவிக்கும். "ஓம்" சொன்னா கேட்க அழகா இருக்கும். "வலது காலை மடக்குங்க, மூச்சை விடுங்க"ன்னு தொடர்ந்து பேசினா சொல் மேல சொல் ஏறி ஒண்ணும் புரியாது. டீச்சருக்கு வேண்டியது வகுப்பு. அதனால நீள்சதுரம், சாய்வா ஓட்டுக் கூரைன்னு தீர்மானிச்சோம். டோம் போனதுல அவங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மறைக்கலை.

தரையில உட்கார்ந்து வரைஞ்ச பிளான்

வழக்கமா ஜன்னல் தரையிலிருந்து 3 அடி உயரத்துல ஆரம்பிக்கும். நாம நாற்காலியில உட்கார்றவங்கன்னு நினைச்சு வெச்ச அளவு அது. சம்மணம் போட்டு உட்கார்ந்தா நம்ம மூக்கு தரையிலிருந்து சுமார் இரண்டரை அடியில இருக்கு. அப்ப காத்து என்ன ஆகும்? தலைக்கு மேல போயிடும். அதனால ஜன்னலை 1 அடியிலேயே ஆரம்பிச்சோம். படுத்திருக்கும்போது கூட மேல காத்து தெரியும். சூடான காத்து வெளியே போறதுக்கு, கூரை கூம்புற ரெண்டு பக்க முக்கோணச் சுவர்லயும் மேலே ஓட்டை விட்டுக் கல் அடுக்கினோம்.

ஹாலோட நீளப் பக்கம் வடக்கும் தெற்கும் பார்க்கும். குட்டைப் பக்கம்தான் கிழக்கு, மேற்கு. காலையும் சாயங்காலமும் சாய்வா வர்ற வெயில் குறைவான சுவர்லதான் படும். மேற்கு, தெற்கு, கிழக்குன்னு மூணு பக்கம் திண்ணையோட தாழ்வாரம்.

இங்க ஒரு பொய்யை உடைக்கணும். "மண் சுவர்னா ஏசி மாதிரி ஜில்லுனு இருக்கும்"னு சொல்றாங்க இல்லையா? பாதிதான் உண்மை. தடிமனான சுவர் பகல் சூட்டை மெதுவா உள்ளே கடத்தும். காலை 6 மணி வகுப்புக்கு ஹால் நிஜமாவே குளிர்ச்சியா இருக்கும். ஆனா மேற்குச் சுவர்ல மதியம் பூரா வெயில் பட்டா, அந்தச் சூடு சாயங்கால வகுப்புல உள்ளே இறங்கும். கடலோர ஊர்ல புழுக்கம் வேற. அதனால சுவர்ல வெயில் படாம தாழ்வாரம் போடறதும், காத்துக்கு வழி விடறதும்தான் வேலை செய்யும். மண் தனியா ஒண்ணும் மாயம் பண்ணாது.

அப்புறம் சவாசனம். ஓட்டுக் கூரையில வெளிச்சத்துக்கு நடுவுல நாலு கண்ணாடி ஓடு வைப்பாங்க. நானும் வரைஞ்சிருந்தேன். டீச்சர் படத்தைப் பார்த்துட்டு, "எல்லாரும் படுத்துக் கண்ணை மூடினா நேரா கண்ணு மேல வெயில் அடிக்கும்மா"ன்னு சொன்னாங்க. எந்தப் புத்தகத்துலயும் எனக்கு இது கிடைச்சிருக்காது. கண்ணாடி ஓட்டைச் சுவர் ஓரமா தள்ளி வெச்சோம்.

கண்ணாடி பாட்டில் சொல்ற உண்மை

இப்ப மண்ணுக்கு வரலாம். மேல இருக்கற ஒரு அடி மண்ணைத் தனியா எடுத்துக் குவிச்சுட்டோம். அதுல வேரும் மக்கும் இருக்கும், செடிக்குத்தான் நல்லது, சுவருக்கு ஆகாது. அதுக்குக் கீழே இருக்கற செம்மண்ணை ஒரு கண்ணாடி பாட்டில்ல கால்வாசி போட்டு, தண்ணி ஊத்தி, நல்லா குலுக்கி வெச்சோம். முதல்ல மணல் கீழே உட்காரும். அப்புறம் வண்டல். களிமண் கடைசியா, பல மணி நேரம் கழிச்சுப் படியும். அந்த அடுக்குகளைப் பார்த்தாலே மண்ணுல என்ன எவ்ளோன்னு ஒரு அளவுக்குத் தெரிஞ்சிடும்.

நாங்க போட்டது அழுத்தின மண் கல். அதுக்கு ஏறக்குறைய பாதி மணலும், ஐந்தில் ஒரு பங்கு களிமண்ணும், மீதி சரளையும் வண்டலும் இருந்தா நல்லது. களிமண் அதிகமானா காயும்போது விரிசல் விடும், குறைஞ்சா ஒட்டாது. எங்க மண்ணுல களி கொஞ்சம் அதிகம், மணல் சேர்த்தோம். கூட 5 சதவீதம் சிமெண்ட்.

ஆமா, சிமெண்ட்தான். இதைச் சொன்னதும் சிலர் முகம் சுளிப்பாங்க. உலகத்தோட கார்பன் டை ஆக்சைடு வெளியீட்டுல 7, 8 சதவீதம் சிமெண்ட்ல இருந்து வருதுன்னு எனக்கும் தெரியும். அதனாலதான் 5 சதவீதத்தோட நிறுத்தினேன். அதைப் பூஜ்யம் ஆக்கியிருந்தா என் பெருமைக்கு நல்லா இருந்திருக்கும். ஆனா டீச்சரோட 15 லட்சத்துல நான் பெருமை தேடக்கூடாது. சூளையில சுடாத கல்லு, கையால அழுத்தற மெஷின்ல போட்டது, நிழல்ல வெச்சு 28 நாள் ஈரமா பாதுகாத்தது. ஒவ்வொண்ணும் 10 கிலோ கிட்ட இருக்கும். சுமார் 3,000 கல். மண் எடுத்த பள்ளம் இப்ப மழைத்தண்ணி நிக்கற குட்டை.

அடித்தளத்துக்குப் பக்கத்துலயே கிடைக்கற கருங்கல். தரையிலிருந்து 2 அடி உயர்த்தினோம். கூரைக்கு சீமை ஓடு. ஓட்டைத் தாங்கற சட்டமெல்லாம் பழைய வீடு இடிச்ச சாமான் விக்கற கடையில வாங்கின பனஞ்சட்டம். வைரம் பாய்ஞ்ச பழைய பனை, இன்னொரு ஆயுசுக்குத் தாங்கும். புதுசா ஒரு பனையையும் வெட்டலை. தரைக்கு சுட்ட மண் தட்டோடு. வழுக்காது, வெறுங்காலுக்கு இதமா இருக்கும்.

லாரி பேக்கர்னு ஒருத்தரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. இங்கிலாந்துல பிறந்து கேரளத்துல வாழ்ந்து 2007-ல இறந்தவர். வீடு கட்டற பொருளெல்லாம் ஐந்து மைல் சுற்றளவுக்குள்ள கிடைக்கணும்னு காந்தி சொன்னதைத் தன் வாழ்க்கை முழுக்கப் பிடிச்சுக்கிட்டவர். எங்களால அஞ்சு மைலுக்குள்ள எல்லாத்தையும் வாங்க முடியலை. மண்ணும் கல்லும் அதுக்குள்ள வந்துச்சு. ஓடும் சுண்ணாம்பும் வெளியில இருந்துதான்.

என் பழைய தப்பு

சுண்ணாம்பு ஏன்னு சொல்லணும்னா 2019-க்குப் போகணும். திண்டிவனம் பக்கம் எங்க சித்தப்பா கொல்லையில ஒரு சின்ன அறை கட்டினேன். பச்சைக்கல் சுவர். பாதுகாப்பா இருக்கட்டும்னு வெளியே சிமெண்ட் பூச்சு பூசிட்டேன். அடுத்த மழைக்கே பூச்சு பலகை பலகையா உப்பிக்கிட்டு விழுந்துச்சு, உள்ளே கல் சேறாயிருந்துச்சு.

காரணம் ரொம்ப எளிமையானது. மண் சுவர் ஈரத்தை உறிஞ்சும், திருப்பி வெளியே விடும். சிமெண்ட் பூச்சு அதுக்கு வழி விடாது. எங்கேயோ ஒரு மயிரிழை விரிசல் வழியா உள்ளே போன தண்ணி வெளியே வர முடியாம அங்கேயே தங்கிடும். சுண்ணாம்புப் பூச்சு அப்படி இல்லை, சுவர் கூட சேர்ந்து அதுவும் மூச்சு விடும். சித்தப்பா ஒண்ணும் திட்டலை. "போனா போகட்டும், மாட்டுக்கு வெக்கலைப் போட்டுக்கறேன்"னார். திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்துச்சு.

அதனால டீச்சர் ஹாலுக்கு சுண்ணாம்பு. நீத்து, தண்ணிக்குள்ளயே ஊற வெச்சு, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணி சேர்த்துக் கலக்கின பூச்சு. எங்க மேஸ்திரிக்கு அவர் தாத்தா காலத்து வேலை. அவர் சின்ன வயசுல பார்த்ததோட சரி, ரெண்டு மூணு சாம்பிள் பூசிப் பார்த்துத்தான் கை பழகுச்சு.

அந்த மேஸ்திரி பத்திச் சொல்லணும். அதே ஊர்க்காரர். அவர் அம்மா இன்னும் மண் சுவர், கீத்துக் கூரை வீட்டுலதான் இருந்தாங்க. ஒரு நாள் டீ குடிக்கும்போது சிரிச்சுக்கிட்டே சொன்னார். "இன்னா மேடம் இது, நாங்க மண்ணு வூட்டுல இருந்து எப்படா வெளிய போவோம்னு இருக்கோம். நீங்க காசு குடுத்து உள்ள வர்றீங்க. உங்களுக்கு இது ஆசை, எங்களுக்கு இது இல்லாமை."

எனக்குப் பதில் வரலை. சென்னையில பிறந்து வளர்ந்தவ நான். மழை ராத்திரியில பாத்திரம் வெச்சு ஒழுகல் பிடிச்சதில்லை.

ஃபெஞ்சல் ராத்திரி

2023 ஆகஸ்ட்ல ஹால் முடிஞ்சது. வகுப்பு நல்லா நடந்துச்சு. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்துல கரையைக் கடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். புதுச்சேரியில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. மயிலத்துல இன்னும் அதிகம். அன்னைக்கு ராத்திரி நான் தூங்கலை. போன் லைன் கிடைக்கலை. சித்தப்பா கொல்லைச் சுவர்தான் கண்ணுல வந்து வந்து போச்சு. மண் சுவர், ஒரு அம்மாவோட மொத்த சேமிப்பு, பக்கத்துலேயே என் பெயர்.

மறுநாள் மதியம்தான் டீச்சர் பேசினாங்க. "ஹால் நிக்குதும்மா. உள்ள 14 பேர் இருக்காங்க."

பக்கத்துத் தெருவுல கீத்துக் கூரை பறந்துபோன வீட்டு ஆளுங்க. மேஸ்திரியோட அம்மாவும் அதுல ஒருத்தர். டீச்சர் ராத்திரியே கதவைத் திறந்து விட்டு, யோகா மேட்டெல்லாம் விரிச்சுப் போட்டிருந்தாங்க.

ரெண்டு நாள் கழிச்சுதான் என்னால போக முடிஞ்சது. கூரையில 20 ஓடு போயிருந்துச்சு. ஓரத்து ஓட்டைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால மீதி தப்பிச்சது. மூணு பக்கச் சுவருக்கு ஒண்ணும் ஆகலை. வடக்குச் சுவர்தான் அடி வாங்கியிருந்துச்சு. முழங்கால் உயரத்துக்குப் பூச்சு போயிருந்துச்சு, கல்லுக்கு நடுவுல வெச்ச மண் சாந்து அரிச்சிருந்துச்சு. கல் மட்டும் நின்னுச்சு. அந்த 5 சதவீதத்துக்கு அன்னைக்கு மனசுக்குள்ள நன்றி சொன்னேன்.

வடக்குல ஏன்? பணம் பத்தலைன்னு அந்தப் பக்கம் தாழ்வாரத்தை வெட்டினது நான்தான். வெயில் படாத பக்கம்தானேன்னு நினைச்சேன். வெயிலை மட்டும் யோசிச்சேன், மழை எந்தப் பக்கத்துல இருந்து வரும்னு யோசிக்கலை. நம்ம பருவமழையோட பேரே வடகிழக்கு. பேர்லயே எழுதி வெச்சிருக்கறதை ஒரு ஆர்க்கிடெக்ட் படிக்காம விட்டுட்டேன். டீச்சர்கிட்ட அப்படியே சொன்னேன். கூரையை அந்தப் பக்கம் நீட்டற செலவு என்னோடதுன்னும் சொன்னேன். பாதிக்குத்தான் ஒத்துக்கிட்டாங்க.

பூச்சு வேலையை ஒரே ஞாயித்துக்கிழமையில முடிச்சோம். வகுப்புக்கு வர்ற பெண்கள் ஒன்பது பேர், மேஸ்திரி, நான். சுண்ணாம்பு வாங்கவே இல்லை. முதல்ல நீத்தின சுண்ணாம்புல மீதி ஒரு டிரம்ல, தண்ணிக்கு அடியில ஒரு வருஷத்துக்கு மேல அப்படியே இருந்துச்சு, வெண்ணெய் மாதிரி. சிமெண்ட் மூட்டை ஒரு மழைக்காலத்துலயே கட்டியாயிடும். சுண்ணாம்பு தண்ணிக்கு அடியில வருஷக்கணக்கா கெடாம இருக்கும். மண்ணு அங்கேயே இருக்கு. கத்துக்க அரை மணி நேரம் ஆச்சு. இப்ப ஒவ்வொரு வருஷமும் புரட்டாசியில, மழைக்கு முன்னாடி, அவங்களே சுவரைச் சுத்திப் பார்த்து எங்க தேவையோ அங்க பூசிடறாங்க. எனக்குப் போன் வர்றதில்லை.

அப்ப, மண் சுவர் போதுமா?

போதாது. அன்னைக்கு ஊர்ல பறந்துபோன வீடுகளும் மண் சுவர்தான். மண் ஒண்ணுதான், ஆனா கீழே 2 அடி கருங்கல் இல்லை, மேலே கட்டி வெச்ச கூரை இல்லை, நீளமான தாழ்வாரம் இல்லை. கீழேருந்தும் தண்ணி வரக்கூடாது, மேலேருந்தும் வரக்கூடாது. அதுக்கு ஆகற செலவு அந்தக் குடும்பங்கள்கிட்ட என்னைக்குமே இருந்ததில்லை. மேஸ்திரி சொன்ன "இல்லாமை" அதுதான்னு எனக்கு அப்புறம்தான் புரிஞ்சது.

அரசாங்கம் 2024-ல கலைஞரின் கனவு இல்லம் திட்டம் ஆரம்பிச்சது. 2030-க்குள்ள குடிசைகளுக்குப் பதிலா 8 லட்சம் கான்கிரீட் வீடு, ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். மேஸ்திரி அம்மாவுக்கும் வீடு வந்துச்சு. கான்கிரீட் வேணாம்னு நான் வாயைத் திறக்கலை. திறக்க எனக்கு உரிமையும் இல்லை. அவரா ஒரு நாள் போன் பண்ணார். "மேடம், மீந்த கல்லு 200 கெடக்குதே, முன்னாடி திண்ணைக்கு எடுத்துக்கவா? அம்மா பகல்ல உள்ள உக்கார மாட்டேங்குது, அனலா இருக்குதாம்." எடுத்துக்கங்கன்னு சொன்னேன்.

நீங்க கட்டணும்னு நினைச்சா, இந்த வாரம் ரெண்டு வேலை மட்டும் செய்யுங்க. உங்க இடத்து மண்ணை ஒரு கண்ணாடி பாட்டில்ல குலுக்கி வெச்சுப் பாருங்க. இன்னொண்ணு, மழை பெய்யும்போது ஒரு குடையை எடுத்துக்கிட்டு அந்த இடத்துல போய் நில்லுங்க. எந்தப் பக்கத்துல இருந்து உங்க மேல சாரல் அடிக்குதுன்னு குறிச்சுக்கங்க. அதுக்கப்புறம் ஆர்க்கிடெக்டைப் பாருங்க. அந்தக் குறிப்பை அவங்க கையில கொடுங்க. எனக்கு யாராவது கொடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும்.